எலும்புக்கு எஜமானி யார்?

முதுகு வலிக்கு மருந்து கேட்கப் போன இடத்தில், "உங்கள் கடைசிக் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்தீர்களா, அம்மா?" என்று டாக்டர் கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அதுவும் அந்தக் கடைசிக் குழந்தை பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிற வயதுப் பிள்ளையாக இருந்தால்?

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானும் என் நாத்தனாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கேள்வி எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். கொஞ்சம் வைத்தியம், கொஞ்சம் வீட்டு விஷயம், கொஞ்சம் என்னுடைய குற்றம், மூன்றும் கலந்துதான் வரும். பொறுமையாகப் படியுங்கள். உங்களுக்கு வேண்டாவிட்டாலும் உங்கள் வீட்டில் யாருக்காவது வேண்டியிருக்கும்.

நடந்தது இரண்டு வருஷத்துக்கு முன், நவராத்திரி சமயம். நாத்தனாருக்கு அப்போது 41 வயது. கொலுவுக்கு வந்தவள், மரப்பாச்சிப் பொம்மைகள் வைத்திருந்த பெட்டியை எடுக்கக் குனிந்தாள். பெரிய பெட்டி ஒன்றுமில்லை. என் பெண் ஒரு கையால் தூக்கிவிடுவாள். 'சுரீர்' என்று முதுகில் ஒரு வலி. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஏதோ பிடிப்பு என்று நினைத்தோம். தைலம் தடவினோம், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம். பத்து நாளாகியும் அவளால் புரண்டு படுக்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், முதுகெலும்புக் கோவையில் ஒரு எலும்பு, காலால் மிதித்த தீப்பெட்டி மாதிரி முன்பக்கம் நசுங்கிக் கிடக்கிறது!

எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது 70 வயதுப் பாட்டியின் முதுகு மாதிரி இருக்கிறதே!" என்றார். காரணம் எலும்பில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்று சொல்லி, ஹார்மோன் வைத்தியம் பார்க்கும் ஒரு பெண் டாக்டரிடம் எங்களை அனுப்பினார். அவர் கேட்டதுதான் அந்தக் கேள்வி.

"கொடுக்கவில்லை, டாக்டர். சுரக்கவே இல்லை. பூண்டும் பாலும் வெந்தயக் கஞ்சியுமாக அம்மா கரைத்துக் கரைத்துக் கொடுத்தாள். ஒரு சொட்டு வரவில்லை" என்றாள் நாத்தனார்.

"பிரசவத்தின்போது ரத்தம் அதிகமாகப் போயிற்றா?"

"போயிற்று. எனக்கு நினைவே தப்பிவிட்டது. பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்."

"அதற்கப்புறம் மாதவிலக்கு ஒழுங்காக வந்ததா?"

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் சொன்னாள்: "வரவே இல்லை, டாக்டர்."

15 வருஷம்! 26 வயதில் நின்றுபோன ஒரு விஷயம். கூடப் பிறந்த அண்ணனின் மனைவி எனக்குத் தெரியாது. அவள் மாமியாருக்குத் தெரியும், "உடம்பிலிருந்த ரத்தமெல்லாம் அப்போதே போய்விட்டது, இனி எங்கிருந்து வரும்? தொல்லை விட்டது என்று இரு" என்று சொல்லிவிட்டாராம். இரண்டு குழந்தைகள் இருக்கின்றன, போதும் என்று அவளும் இருந்துவிட்டாள்.

மூளைக்கு அடியில் ஒரு பாட்டி

அன்று டாக்டர் எங்களுக்கு விளக்கிச் சொன்னதை என் பாஷையில் உங்களுக்குச் சொல்கிறேன்.

மூக்கு ஆரம்பிக்கும் இடத்துக்கு நேர் பின்னால், மூளைக்கு அடியில், ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. பெயர் பிட்யூட்டரி. கொண்டைக்கடலை அளவுதான், எடை சுமார் அரை கிராம். குதிரைச் சேணம் போல் குழிந்த ஓர் எலும்புக் குழியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குழிக்குச் சரீர சாஸ்திரத்தில் 'துருக்கிச் சேணம்' என்றே பெயர்.

பழைய கூட்டுக் குடும்பங்களில் ஒரு பாட்டி இருப்பாரே, நினைவிருக்கிறதா? இடுப்பில் சாவிக் கொத்தைச் செருகிக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பார். தாம் நேரே செய்வது கொஞ்சம்தான். ஆனால் சமையல் அறையில் என்ன வேகவேண்டும், களஞ்சியத்திலிருந்து எத்தனை படி அரிசி எடுக்கவேண்டும் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தாகவேண்டும். பிட்யூட்டரி அந்தப் பாட்டிதான். கழுத்திலுள்ள தைராய்டுக்கும், சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி இருக்கும் அட்ரினல் சுரப்பிக்கும், பெண்களின் சினைப்பைக்கும் அதுதான் உத்தரவு போடுகிறது. வளர்ச்சிக்கான ஹார்மோனையும், தாய்ப்பால் சுரப்பதற்கான புரோலாக்டின் என்ற ஹார்மோனையும் தானே நேரில் அனுப்புகிறது.

கர்ப்ப காலத்தில் இந்தச் சுரப்பி பால் சுரப்பதற்குத் தயாராகப் பெருத்துவிடும். சுரப்பி பெருத்த சமயத்தில், பிரசவத்தில் ரத்தம் மிதமிஞ்சிப் போய் ரத்த அழுத்தம் விழுந்துவிட்டால், அதற்கு வேண்டிய ரத்தம் போய்ச் சேராது. சுரப்பியின் பெரும்பகுதி வாடிப் போய்விடும். தாய் பிழைத்துவிடுவாள். ஆனால் ஊஞ்சலில் பாட்டி இல்லை.

இதை விவரமாக ஆராய்ந்து 1937-ல் எழுதியவர், ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் இருந்த ஹெரால்ட் சீஹன் என்ற டாக்டர். அதனால் 'சீஹன் நோய்' என்று பெயர். பிரசவ ஆஸ்பத்திரிகளில் ரத்தப் போக்கை உடனே நிறுத்தவும் ரத்தம் ஏற்றவும் வசதி பெருகிய நாடுகளில் இது அபூர்வமாகிவிட்டது. நம் நாட்டில் அப்படிச் சொல்வதற்கில்லை. காஷ்மீரில் பெண்களைப் பரிசோதித்து 2005-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 20 வயது தாண்டி, பிள்ளை பெற்ற பெண்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு இது இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் வீட்டிலேயே பிரசவித்தவர்கள்.

நாத்தனாருக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். டாக்டர் பென்சில் முனையால் ஓர் இடத்தைக் காட்டினார். சேணம் இருந்தது, அதில் இருக்கவேண்டிய சுரப்பி இல்லை. குழி ஏறக்குறைய காலியாகவே இருந்தது.

எலும்பு கல் அல்ல

அதெல்லாம் சரி, மூளைக்கு அடியில் இருக்கும் கடலைக்கும் முதுகு நசுங்கியதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

எலும்பு என்றால் கல்தூண் மாதிரி, ஒரு தரம் நட்டால் நட்டதுதான் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. எலும்புக்கும் உயிர் உண்டு. ராப்பகலாக அங்கே பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு கூட்டம் பழைய எலும்பைக் கொத்தி எடுக்கிறது. இன்னொரு கூட்டம் அந்த இடத்தில் புதிதாகப் பூசுகிறது. ஏறக்குறைய 10 வருஷத்தில் உடம்பின் எலும்பு முழுவதும் இப்படிப் புதுசாகிவிடுகிறதாம். 30 வயது வரையில் கையிருப்பு ஏறும். அப்புறம் அதை வைத்துக் காலம் தள்ளவேண்டியதுதான்.

கொத்துகிறவர்கள் அளவுக்கு மீறிக் கொத்திவிடாமல் பார்த்துக்கொள்வது, சினைப்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரஜன். பூசுகிறவர்களைத் தட்டிக்கொடுத்து வேலை வாங்குவதில் வளர்ச்சி ஹார்மோனுக்குப் பெரும் பங்கு உண்டு. இந்த இரண்டுக்கும் மேலே பிட்யூட்டரி. பாட்டி போனால் கொத்துகிறவர்களைக் கேட்பாரில்லை, பூசுகிறவர்களுக்குச் சொல்வாரில்லை.

எல்லாப் பெண்களுக்கும் 50 வயதை ஒட்டி மாதவிலக்கு நின்றபின் எலும்பு வேகமாகக் கரையத்தான் செய்கிறது. என் நாத்தனாருக்கு அந்தக் கரைப்பு 26 வயதிலேயே தொடங்கிவிட்டது. அதுவும் சேமிப்பு நிறைகிற வயதில். 15 வருஷம் வரவில்லாமல் செலவு நடந்தால் எந்தப் பெட்டிதான் காலியாகாது?

இதில் மோசம் என்னவென்றால், எலும்பு கரையும்போது வலிக்காது. பல் சொத்தை விழுந்தால் கூடச் சொல்லும். எலும்பு சொல்லாது. ஒரு நாள் குனியும்போது நசுங்கும், அல்லது வழுக்கி விழுந்து கையை ஊன்றும்போது மணிக்கட்டு முறியும். அதுதான் அதன் முதல் கடிதம்.

"இவள் தினம் இரண்டு டம்ளர் பால் குடிக்கிறவளாயிற்றே, டாக்டர்!" என்றேன் நான்.

"பாலும் கேழ்வரகும் செங்கல். கொத்தனாரே வராத வீட்டில் செங்கலை மட்டும் வண்டி வண்டியாக இறக்கி என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார் அவர்.

அதற்காகச் செங்கல் வேண்டாம் என்று அர்த்தமில்லை. நமக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. 200 மில்லி பாலில் சுமார் 240 மில்லிகிராம் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300-க்கு மேல் இருக்கிறது. எள், முருங்கைக் கீரை, சிறு மீன் எல்லாம் நல்லவை. அந்தச் சத்தைக் குடல் ஏற்றுக்கொள்ள வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். மாடியில் வடாம் காயப் போடுவது போல நாமும் கொஞ்சம் காய்ந்தால் தப்பில்லை! ஆனால் சின்ன வயதில், அடிபடாமலே எலும்பு முறிந்தால், சுண்ணாம்பு மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள். கொத்தனார் ஏன் வரவில்லை என்று விசாரிக்கவேண்டும்.

என் குற்றம்

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டதும் படுத்துவிடுவாள். நாலு மணிக்கு எழுப்பினாலும் எழுந்திருக்கமாட்டாள். சித்திரை வெயிலில் நாமெல்லாம் விசிறியும் கையுமாக இருக்கும்போது, அவள் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிப் போர்வையைத் தேடுவாள். பேச்சு நிதானமாக, இழுத்து இழுத்து வரும். விசேஷ நாளில் பத்துப் பேருக்குச் சமைக்கும்போது, வெங்காயம் உரிக்கவே அரை மணி எடுத்துக்கொள்வாள். "உங்கள் தங்கை மாதிரி சோம்பேறியை நான் பார்த்ததில்லை" என்று அவள் அண்ணனிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! அவள் காதில் விழும்படியாகவே இரண்டொரு தரம் சொன்னதும் உண்டு.

தைராய்டுக்கு உத்தரவு போகாவிட்டால் குளிர் தாங்காது, தூக்கம் தூக்கமாக வரும், பேச்சு மந்தமாகும். அட்ரினலுக்கு உத்தரவு போகாவிட்டால் களைப்பு, தலைசுற்றல், ரத்த அழுத்தக் குறைவு. அவள் சோம்பேறி இல்லை. 15 வருஷமாக எண்ணெய் இல்லாத விளக்கு.

"தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்தோமே, சரியாக இருக்கிறது என்றார்களே!" என்று அவள் கணவர் கேட்டார். இதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக டி.எஸ்.எச். என்ற ஒன்றை மட்டும் பார்ப்பார்கள். அது தைராய்டுக்குப் பிட்யூட்டரி அனுப்பும் உத்தரவுச் சீட்டு. தைராய்டு கெட்டிருந்தால் அந்தச் சீட்டின் அளவு காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் சீட்டு எழுதுகிறவரே படுத்துக்கிடந்தால்? அப்போது டி.எஸ்.எச். சரியாக இருப்பது போலவே தோன்றலாம். டி4 என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பாட்டி அதிகம் பேசினாலும் ஆபத்து

உத்தரவு வராமல் போனால் மட்டுமல்ல, மிஞ்சி வந்தாலும் எலும்புக்குக் கேடுதான். இந்தச் சுரப்பியில் சில சமயம் சின்னக் கட்டி உண்டாகும். பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, பயப்படவேண்டாம். ஆனால் கட்டி எந்த ஹார்மோனைக் கொட்டுகிறது என்பதைப் பொறுத்துத் தொல்லை வரும்.

முதலாவது, புரோலாக்டின். குழந்தை இல்லாதபோதும் மார்பில் பால் கசியும். மாதவிலக்கு தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும். புரோலாக்டின் ஏறினால் சினைப்பைக்குப் போகும் உத்தரவு அடங்கிவிடும், ஈஸ்ட்ரஜன் குறையும், எலும்பு கரையும். இப்படிப்பட்ட பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதை அமெரிக்க டாக்டர்கள் 1980-ல் அளந்து காட்டினார்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாணமாகாத பெண்ணுக்கு இப்படி ஏற்பட்டால் வீடே கலங்கிப்போகிறது. பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்வதும், வெளியே தெரியாமல் மூடி மறைப்பதும் நடக்கிறது. அந்தக் குழந்தை மேல் ஒரு குற்றமும் இல்லை. இது சுரப்பியின் கோளாறு. தைராய்டு குறைந்தாலும் வரும். வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் கொடுக்கும் டோம்பெரிடோன் போன்ற மாத்திரைகளாலும், மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளாலும் கூட வரும். (மனநோய் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.) கட்டியாகவே இருந்தாலும் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் வேண்டியதில்லை. கேபர்கோலின் போன்ற மாத்திரையிலேயே கட்டி சுருங்கிவிடுகிறது. வருஷக்கணக்கில் மறைத்தால் நஷ்டப்படுவது அவளுடைய எலும்பு.

இரண்டாவது, அட்ரினலை ஓயாமல் விரட்டும் கட்டி. அமெரிக்க அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் 1912-ல் ஒரு 23 வயதுப் பெண்ணின் நோயைப் பற்றி எழுதினார். அதே மாதிரியான பலருடைய நோயைச் சேர்த்து 1932-ல் விவரமாக எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. முகம் பூரண சந்திரன் மாதிரி உருண்டுவிடும், வயிறு பெருக்கும், கை கால் மட்டும் மெலியும். வயிற்றில் ஊதா நிறத்தில் அகலமான கோடுகள் விழும். லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போகும். தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாது. முதுகு வலித்துக் கூனி, உயரமே குறைந்துவிடுவதைக் குஷிங்கே குறித்திருக்கிறார். கார்டிசால் என்ற ஹார்மோன் மிஞ்சினால் எலும்பு பூசுகிறவர்களின் கை கட்டப்பட்டுவிடுகிறது. முதுகெலும்பும் விலா எலும்பும் முறியும். "உடம்பு நன்றாகத் தேறியிருக்கிறாளே!" என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம்.

கட்டி இல்லாமலே இதே கோலம் வரும் ஒரு வழி உண்டு. அதுதான் நம் ஊரில் அதிகம். மூட்டு வலிக்கும் இழுப்புக்கும் என்று பெயர் தெரியாத பொடியையும் மாத்திரையையும் மாதக்கணக்கில் விழுங்குகிறோமே, அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. வலி பறந்துவிடும், கூடவே எலும்பும் கரையும். அப்படிச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்ததும் பயந்துபோய்த் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. சொந்தச் சுரப்பி தூங்கிப்போயிருக்கும், உயிருக்கே ஆபத்து. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தருவார்.

மூன்றாவது, வளர்ச்சி ஹார்மோன் மிஞ்சுவது. வளர்கிற வயதில் மிஞ்சினால் ராட்சத உயரம். அயர்லாந்தில் பிறந்த சார்லஸ் பைர்ன் என்பவர் 1782-ல் லண்டனுக்கு வந்து, தம் உயரத்தைக் காட்டிப் பிழைத்தார். 1783-ல், 22 வயதிலேயே இறந்துபோனார். தம் உடலைக் கடலில் விடும்படி கேட்டிருந்தாராம். ஆனால் எலும்புக்கூடு ஜான் ஹன்டர் என்ற டாக்டரின் கைக்குப் போய்ச் சேர்ந்து காட்சிப் பொருளாகிவிட்டது. 7 அடி 7 அங்குலம்! 1909-ல் மேலே சொன்ன குஷிங், அந்த மண்டை ஓட்டைத் திறந்து பார்க்கச் செய்தார். சேணக் குழி பெருத்துக் கிடந்தது. அங்கே கட்டி இருந்ததற்கு அதுவே சாட்சி. 2023-ல் அந்தக் காட்சிசாலையைப் புதுப்பித்துத் திறந்தபோது, பாவம், அவரைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

வளர்ந்து முடிந்தபின் இந்த ஹார்மோன் மிஞ்சினால் உயரம் ஏறாது. கை, கால், தாடை, மூக்கு பெருக்கும். கல்யாணத்தில் போட்ட மோதிரம் விரலில் ஏறாது. செருப்பு அளவு வருஷத்துக்கு வருஷம் மாறும். மெதுவாக நடப்பதால் வீட்டில் இருப்பவர்கள் கண்ணில் படாது. பழைய போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். எலும்புதான் பெருக்கிறதே, உறுதியாக இருக்குமே என்று நினைப்போம். இல்லை. கொத்துவதும் பூசுவதும் தலைதெறிக்கும் வேகத்தில் நடப்பதால் வேலை சுத்தமில்லை. அடர்த்தி ஸ்கேனில் சரியாகத் தெரிந்தாலும் முதுகெலும்பு முறிவது உண்டு.

வைத்தியம் என்ன?

நாத்தனாருக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதலில் அட்ரினலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை. அதற்குப் பிறகுதான் தைராய்டு மாத்திரை. இந்த வரிசை மாறக்கூடாது என்று டாக்டர் இரண்டு தரம் சொன்னார். முன்னது இல்லாமல் பின்னதைக் கொடுத்தால் உடம்பு நிலைகுலைந்துவிடுமாம். அப்புறம், இயற்கையாக நிற்கும் வயது வரையில், ஈஸ்ட்ரஜனும் அதோடு சேர்ந்த ஹார்மோனும். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் கூட. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா என்ற ஸ்கேனுக்குச் சில நிமிஷம் அசையாமல் படுத்திருந்தால் போதும். ஊசி இல்லை, வலி இல்லை.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். குறைந்தால் ஆபத்து. "இன்னும் கொஞ்சம் தெம்பாக இருக்கட்டும்" என்று அவராகவே ஒன்று கூட்டிக்கொண்டால், அந்த ஸ்டீராய்டும் தைராய்டு ஹார்மோனும் சேர்ந்து மறுபடி எலும்பைத்தான் தின்னும். அளந்து போட்ட உப்பு மாதிரி இருக்கவேண்டும். ஆனால் காய்ச்சல் வந்தால் டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி ஹைட்ரோகார்டிசோனை இரட்டிப்பாக்கவேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி. நோயின் பெயரும் மருந்தின் பெயரும் எழுதிய சீட்டு ஒன்றை அவள் எப்போதும் கைப்பையில் வைத்திருக்கிறாள்.

ஒரு வருஷம் கழித்து எடுத்த ஸ்கேனில் எலும்பு கொஞ்சம் தேறியிருந்தது. போனதெல்லாம் திரும்பி வராது என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். நசுங்கிய எலும்பு நசுங்கியதுதான். அரை அங்குல உயரம் போனது போனதுதான். 15 வருஷத்துக்கு முன்பே யாராவது ஒருவர் கேட்டிருந்தால்?

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டில், உங்கள் பெண், மருமகள், ஓரகத்தி, வேலைக்கு வரும் அம்மாள், யாரானாலும் சரி, இவற்றில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்:

பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய், பால் சுரக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல் இருப்பது. அக்குளில் முடி கொட்டிவிடுவது.

40 வயதுக்கு முன்பே, கர்ப்பமோ பால் கொடுப்பதோ இல்லாமல், மூன்று மாதத்துக்கு மேல் விலக்கு நின்றிருப்பது.

குழந்தை இல்லாதபோது பால் கசிவது. கூடவே தலைவலியும், பக்கவாட்டுப் பார்வை மங்குவதும் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

முகம் உருண்டு, தொட்டால் தோல் கன்றுவது. மோதிரமும் செருப்பும் சிறுத்துப்போவது.

பெரிய அடி படாமலே எலும்பு முறிவது; இரண்டு அங்குலம் உயரம் குறைந்து முதுகு வளைவது.

இவற்றில் ஒன்று இருந்தாலே இந்த நோய்தான் என்று அர்த்தமில்லை. எத்தனையோ சாதாரணக் காரணங்கள் இருக்கலாம். ஆனால் டாக்டரிடம் போகும்போது முதுகு வலியை மட்டும் சொல்லிவிட்டு, மற்றதைச் 'சொல்லக் கூடாத சமாசாரம்' என்று முடிந்து வைத்துக்கொள்ளாதீர்கள். முதுகுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று தீர்மானிப்பது அவர் வேலை. ஒளிக்காமல் சொல்வது நம் வேலை.

இந்த வருஷம் நவராத்திரிக்கும் நாத்தனார் வந்தாள். பெட்டி எதையும் தூக்க நான் விடவில்லை. ஆனால் ஒன்பது படிக்கும் பொம்மை எடுத்து வைத்தது அவள்தான். போர்வை கேட்கவில்லை. மத்தியானம் எல்லோரும் அசந்து தூங்கியபோது, அவள் தனியாக உட்கார்ந்து சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எத்தனையோ நாளாகச் சொல்ல நினைத்தது தொண்டையில் நின்றது.

"உன்னை எத்தனை தரம் சோம்பேறி என்று சொல்லியிருப்பேன்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் துருவலிலிருந்து கையை எடுக்காமல் சிரித்தாள். "விடுங்கோ மன்னி. நானே அப்படித்தான் நினைச்சிண்டிருந்தேன்" என்றாள்.

அந்தச் சொல்தான் இன்னும் என்னை உறுத்துகிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு 'சோம்பேறி' இருந்தால், அடுத்த தரம் அவளைக் கடிந்துகொள்வதற்கு முன், பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வருவதற்குக் கொஞ்சம் நேரமாகலாம். காத்திருங்கள்.